கேட்டு எடுத்தோமா?

நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை எங்கள் விடுதி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை அங்கி அணிந்த சிலர் இறங்கினார்கள். எங்களை வரிசையாக நிறுத்தி உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்தார்கள், கடைசியில் ஆளுக்கு ஒரு சிறு குழாய் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு பேனாவும் கிடைத்தன. பள்ளி அரைநாள் போயிற்றே என்பதில் அளவிலா மகிழ்ச்சி வேறு! எதற்காக இரத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்கள் காப்பாளர் ஒரு மேசையருகே அமர்ந்து, கட்டாக இருந்த தாள்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த இரத்தம் எங்கே போயிற்று, அதில் என்ன கண்டார்கள், என் உடம்பில் ஏதேனும் குறை இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனா மட்டும் நெடுநாள் எழுதிற்று.

இதை நான் மறந்தே போயிருந்தேன். கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் ஒரு பழைய செய்தியைப் படித்தபோதுதான் அந்த மேசையும், காப்பாளரின் குனிந்த தலையும் நினைவுக்கு வந்தன.

2009ஆம் ஆண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் (இன்று தெலங்கானா) கம்மம் மாவட்டத்திலும், குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள சிறுமியர்க்குப் போடப்பட்டது. இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 24,000 பேர். 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் மாநில அரசுகளின் துணையோடு நடத்திய ஆய்வுத் திட்டம் அது. கம்மத்தில் ஊசி பெற்றவர்களில் பலர் பழங்குடிச் சிறுமியர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஊசி பெற்ற சிறுமியரில் ஏழு பேர் இறந்திருந்தனர். அச்சாவுகளுக்கு ஊசி காரணமாக இருந்ததாக விசாரணைக் குழு காணவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இந்த நிகழ்ச்சியைப் பேசுகிற பலர் இந்த உண்மையை வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஊசி கெட்டது என்பதன்று என் வாதம். அது நல்ல ஊசி. பல நாடுகளில் பெண்களைக் காத்துவரும் ஊசி.

என் வாதம் வேறு. விசாரணைக் குழு ஆந்திரத்தின் ஒப்புதல் படிவங்கள் 9,543 ஐ எடுத்துப் பார்த்தது. அவற்றுள் 1,948 படிவங்களில் இருந்தது கைநாட்டு. 2,763 படிவங்களில் இருந்தது விடுதிக் காப்பாளரின் கையெழுத்து! 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாயும் தந்தையும் காட்டிலும் மேட்டிலும் உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளையின் உடம்புக்கு 'சரி' சொன்னவர் சோறு போடும் விடுதியின் காப்பாளர்.

காப்பாளரைக் குறை கூறுவது எளிது. விடுதியில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் காப்பாளர் நல்ல மனிதர். காய்ச்சல் வந்தால் தம் சைக்கிளில் வைத்து மருத்துவமனைக்கு மிதித்தவர். மேலதிகாரி தாள்களை அனுப்பினால் கையெழுத்துப் போடுவது அவர் பணி என்று அவர் நம்பினார். அரிசி வந்ததற்குப் போடுவதுபோல, போர்வை வந்ததற்குப் போடுவதுபோல, எங்கள் இரத்தத்துக்கும் போட்டார். கொடுமை அவர் உள்ளத்தில் இல்லை. ஒரு பிள்ளையின் உடம்பும் ஒரு மூட்டை அரிசியும் ஒரே பதிவேட்டில் ஏறுகின்றனவே, அங்கே இருக்கிறது.

"நல்லதற்குத்தானே செய்தார்கள், கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?" என்று என் அறைத்தோழன் ஒருவன் கேட்டான். இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. இதற்கு விடை தேடித்தான் அமெரிக்க நாட்டின் டஸ்கீகி வரலாற்றைப் படித்தேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் மேக்கன் என்றொரு மாவட்டம். பருத்திக் காடுகள், வாரத்துக்கு உழுது பிழைக்கும் கறுப்பின மக்கள். 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவர்கள் அங்கே வந்தார்கள். சிபிலிஸ் என்னும் மேகநோய், மருந்தே கொடுக்காமல் விட்டால் கறுப்பின ஆண்களின் உடம்பில் எப்படியெல்லாம் முற்றுகிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். நோயுள்ளவர் 399 பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர் 201 பேர், ஆக 600 பேரைச் சேர்த்தார்கள். நோயாளிகளிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "உனக்குக் கெட்ட இரத்தம், வைத்தியம் பார்க்கிறோம்" என்றார்கள். அந்த ஊர் வழக்கில் 'கெட்ட இரத்தம்' என்றால் களைப்பும் அதுதான், சோகையும் அதுதான், நூறு நோயும் அதுதான். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது கடும் வலி தரும் சோதனை. அதற்கு வரவழைக்க அனுப்பிய கடிதத்தில் அதை இலவசமான சிறப்புச் சிகிச்சை என்றும், இதுவே கடைசி வாய்ப்பு என்றும் எழுதினார்கள்!

அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? சோதனை நாளில் ஒரு வேளை சூடான சாப்பாடு. போகவர வண்டி. செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம்; ஆனால் பிணத்தை அறுத்துப் பார்க்க வீட்டார் இசைய வேண்டும். ஏழைக்குத் தன் சாவு மரியாதையாக நடக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பதை நம் கிராமத்தில் பிறந்த எவரும் அறிவர். அந்த ஆசையைக் கொண்டே வலை பின்னினார்கள்.

1940களின் இறுதிக்குள் பெனிசிலின் இந்நோய்க்குக் கைகண்ட மருந்தாகிவிட்டது. மற்ற ஊர்களில் நோயாளிகள் குணமாகி வீடு திரும்பினார்கள். மேக்கனில் மட்டும் மருந்து இவர்கள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். போர்க் காலத்தில் படைக்கு ஆள் எடுத்தவர்கள் சிலருக்கு நோய் இருப்பதைக் கண்டு சிகிச்சைக்கு அனுப்ப முற்பட்டபோது, 'இந்தப் பட்டியலில் உள்ளவர்களை விட்டுவிடுங்கள்' என்று சொல்லி அதையும் தடுத்தார்கள். நாற்பது ஆண்டுகள்! இடையிடையே ஆய்வுக் கட்டுரைகள் மருத்துவ ஏடுகளில் வெளிவந்துகொண்டே இருந்தன. எதுவும் மறைவாக நடக்கவில்லை. படித்த மருத்துவர்கள் படித்தார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். என் நெஞ்சை மிகவும் வருத்துவது இதுதான்.

பீட்டர் பக்ஸ்டன் என்ற இளம் ஊழியர் 1966இல் இது தகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். 1969இல் ஒரு குழு கூடி ஆராய்ந்து, ஆய்வைத் தொடரலாம் என்று முடிவு செய்தது. பின்னர் அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். 1972 சூலையில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளிவந்தபிறகே ஆய்வு நின்றது. நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனுக்கு 1997 வரை ஆயிற்று.

இதில் இன்னொரு முரண்பாட்டையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூரம்பெர்க் நகரில், சிறை முகாம்களில் மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கிய குற்றத்துக்காக 23 பேர்மீது வழக்கு நடந்தது. பெரும்பாலோர் மருத்துவர். எழுவர் தூக்கிலிடப்பட்டனர். 1947இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் தீர்ப்போடு பத்து விதிகளையும் எழுதினார்கள். சோதனைக்கு உட்படுபவர் தாமாக மனமுவந்து இசைய வேண்டும். அதற்குமுன் எல்லாம் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது முதல் விதி. வேண்டாம் என்று தோன்றினால் இடையில் விலகிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. அந்த நீதிபதிகள் அனைவரும் அமெரிக்கர்கள்! அவர்கள் விதி எழுதிக்கொண்டிருந்த அதே நாளில் அலபாமாவில் அவர்கள் நாட்டு மருத்துவர்கள் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த விதிகள் கொடியோர்க்கு எழுதியவை, நமக்கல்ல என்று நல்லவர்கள் எண்ணிக்கொண்டதுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

என் தோழனுக்கு இதைச் சொன்னேன். "அது மருத்துவம். நாம் பொருளியல் மாணவர்கள். நாம் ஊசியா போடுகிறோம்? நாலு கேள்வி கேட்கிறோம், அவ்வளவுதானே!" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டிய நிகழ்ச்சியை இம்மலரில் எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். ஊர்ப் பெயரை விட்டு எழுதுகிறேன்.

இரண்டாமாண்டில் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்கு ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். வாய்க்கால் தூர்வாரியது போக, பிற்பகலில் வீடு வீடாகச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. நான்கு பக்கப் படிவம். ஒருவன் கேட்க வேண்டும். மற்றவன் எழுத வேண்டும். ஒரு கூரை வீட்டில் ஓர் அக்கா வெளியே வந்தார். "எதுக்குத் தம்பி எழுதுறீங்க? வீடு கீடு ஏதும் வருமா?" என்று கேட்டார். என் தோழன், "வரும்க்கா, எல்லாம் சரியாச் சொல்லுங்க" என்றான். நானும் தலையாட்டினேன். அப்படிச் சொன்னால்தான் பதில் கிடைக்கும் என்று எங்களுக்கு முன் போன அண்ணன்மார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வீடு வரும் என்ற நம்பிக்கையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூலி, ரேஷன், பிள்ளை படிப்பு, மகளிர் குழுக் கடன். நகை பற்றிய கேள்வி வந்தபோது குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. எழுதும் அவசரத்தில், "என்னக்கா, அடகுல எத்தனை பவுன்? ரெண்டா? எந்தக் கடை?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். திண்ணையில் அவருடைய மாமியார் அமர்ந்திருந்தார். அந்த அக்காவின் முகம் போன போக்கை என்னால் விவரிக்க முடியாது. நான் படிவத்தில் '2 பவுன்' என்று எழுதினேன்.

மறுநாள் காலை குழாயடியில் அவரைக் காணவில்லை. பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்: "ராத்திரி ஒரே சண்டை. அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." ஒரு தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கணவனுக்குத் தெரியாமல் வைத்த அடகு அது என்று பிறகு தெரிந்தது. முகாம் முடிந்து நாங்கள் திரும்பிவிட்டோம். அவர் திரும்பி வந்தாரா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் கணக்கெடுப்புப் படிவங்கள் ஒரு சாக்கில் கட்டி வைக்கப்பட்டன. அவற்றை யாரும் கூட்டிப் பார்த்ததாகக்கூட நான் கேள்விப்படவில்லை.

ஊசி போடவில்லைதான். ஆனால் டஸ்கீகியில் செய்ததில் ஒரு பங்கை நாங்கள் செய்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. இல்லாத நன்மையை இருப்பதாகச் சொல்லி ஓர் ஏழையிடம் வேண்டியதைப் பெற்றுக்கொண்டோம். அங்கே சிகிச்சை என்றார்கள். இங்கே வீடு என்றோம்.

எடுத்துக்கொண்டு போவதோடு கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுப்பாய் என்றொரு சிறு பழங்குடி. அவர்களிடையே நீரிழிவு மிகுதி. அது ஏன் என்று கண்டறிவதற்காக என்று நம்பி, 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தத்தை மனநோய் ஆராய்ச்சிக்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவர்கள் நிலவுரிமையும் அதனோடு பிணைந்தது. 2003இல் அக்குடியைச் சேர்ந்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவரின் உரையைக் கேட்கப் போயிருந்தார். பேசப்படுவது தம் மக்களின் இரத்தம் என்று உணர்ந்ததும் எழுந்து, இதற்கு எங்களிடம் இசைவு கேட்டீர்களா என்று வினவினார். வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு இலட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய இரத்தத்தையும் திருப்பித் தந்தது. நம் கல்லூரிக் கருத்தரங்கில், நாம் ஆய்வு செய்த ஊரிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தால் நாம் படிக்கும் கட்டுரையை அதே குரலில் படிப்போமா? நான் படிக்கமாட்டேன்.

என் ஆசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. "எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் சில உண்மைகள் வெளியே வரவே வராது, தம்பி. மில்கிராம் சோதனையைப் பார்" என்றார். அது வலுவான மறுப்பு. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம், நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்து ஆட்களை அழைத்தார். அடுத்த அறையில் உள்ளவர் தவறு செய்யும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். அதிர்ச்சி பொய், அலறியவர் நடித்தவர். அவர் முதலில் வெளியிட்ட ஆய்வில் நாற்பது பேரில் 26 பேர், மேலதிகாரி சொன்னார் என்பதற்காகக் கடைசி விசைவரை அழுத்தினார்கள். முன்னரே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த அச்சந்தரும் பாடம் உலகுக்குக் கிடைத்திருக்காது.

இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆய்வின் உட்பொருளைச் சிறிது நேரம் மறைக்கவேண்டிய தேவை சில இடங்களில் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி மறைப்பவர், அது தேவைதானா என்பதைத் தாமே முடிவு செய்யக்கூடாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வரக்கூடிய தீங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கலாகாது. தவிரவும், யேல் பல்கலைக்கழகத்துக்கு விளம்பரம் பார்த்து வந்தவர், வேண்டாமென்றால் கதவைத் திறந்து வீட்டுக்குப் போகக்கூடியவர். கூரை வீட்டு அக்காவுக்கு எந்தக் கதவு? அவர் வீட்டு வாசலிலேயே அல்லவா நாங்கள் நின்றோம்! அடகு எத்தனை பவுன் என்று தெரிந்துகொள்ள இத்தகைய மறைவு எதுவும் தேவையும் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது உண்மையன்று, நிரம்பிய படிவம்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வுக்கு உட்படுபவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கின்றன. எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால் சார்பற்ற ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் பெற்றோர் இசைவோடு பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். இதைப் படித்தபோது, எட்டாம் வகுப்பில் வரிசையில் நின்ற என்னிடமும் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் விதிகள் பெரிய நிறுவனங்களின் கோப்புகளில் இருக்கின்றன. கல்லூரி மாணவனின் படிவத்துக்கு யார் விதி?

ஆகவே நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். மூன்றாமாண்டு ஆய்வேட்டுக்காக வேறோர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. படிவத்தின் தலைப்பில் பேச்சுத் தமிழில் ஆறு வரி எழுதினோம். முதல் வரி: "இதனால உங்களுக்கு வீடோ பணமோ வராது, இது எங்க படிப்புக்கு." அடுத்து, பெயர் எழுதமாட்டோம்; பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம்; நடுவில் போதும் என்றால் எழுந்துவிடுவோம். நகை, கடன் பற்றிய கேள்விகளை வீட்டில் பிறர் இருக்கையில் கேட்பதில்லை என்று எங்களுக்குள் முடிவு. இந்த ஆறு வரியைச் சேர்க்க அரைநாள் விவாதம். முதல் வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்று தோழர்கள் மன்றாடினார்கள். அதை வாசித்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது அவர்கள் அச்சம்.

முதல் தெருவில் நான்கு வீடு ஏறினோம். ஆறு வரியையும் நான் நின்று வாசித்தேன். மூன்று வீட்டார் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு வேண்டாம் தம்பி. கோவிச்சுக்காதீங்க" என்றார். அதுவரை எந்த ஊரிலும் என்னிடம் ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினோம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அட்டவணையை விரலால் ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "இந்த வீட்டுக்கு எதிரே ஒன்றும் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

"கேட்டோம் ஐயா. வேண்டாம் என்றார்" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.